கீழ் டிவிஷன் கிரிக்கெட்டும் நமது உரைநடையும்

சென்னையின் மேற்குப் புறநகர்களில் ஆடப்பட்ட கிரிக்கெட்டுக்குக் கணக்கு இருக்கிறது, சரித்திரம் இல்லை. இதைக் கிரிக்கெட்டின் சார்பில் சொல்லும் புகாராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என் அக்கறை உரைநடையைப் பற்றியது. பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் இந்த வட்டாரத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் நாள் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறார்கள். அவர்கள் நின்றதற்கு அத்தாட்சி, இங்கிலீஷ் தினசரியின் விளையாட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சான இரண்டு வரி. அந்த வரிகளை யாரோ ஒருவன் உட்கார்ந்து எழுதினான். பெரும்பாலும் வேலைக்குப் புதியவன், இளைஞன். அவன் பெயர் அச்சில் வராது. அவனை எழுத்தாளன் என்று யாரும் நினைத்ததில்லை. அவனே நினைத்திருப்பானா என்பதும் சந்தேகம். ஆனால் இந்த நூற்றாண்டிலும் போன நூற்றாண்டிலும் உலகத்தின் வேறு இடங்களில் நல்ல உரைநடைக்காரர்கள் சிலர் இந்த ஆளாகத்தான் தொடங்கியிருக்கிறார்கள். நம்மிடம் ஏன் இப்படி நடக்கவில்லை என்று கேட்டுப் பார்ப்பது நம்மைப் பற்றியே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள உதவும்.

முதலில் இடம். 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டிஷ் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியபோது இந்தப் பக்கம் வயலும் ஏரியுமாக இருந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி சோஷலிச மாதிரி சமுதாயம் என்ற தீர்மானத்தைப் போட்டது. அதே வருஷம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1959இல் அம்பத்தூரில் டன்லப். 1960களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அதன் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965இல். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பதினைந்து வருஷங்களில் ஒரு கிராமாந்தரம் மூன்று ஷிஃப்ட்டுகளாக ஓடும் பட்டணமாகிவிட்டது.

தொழிற்சாலை வந்தால் சங்கம் வரும், கேண்டீன் வரும், மனமகிழ் மன்றம் வரும். மனமகிழ் மன்றத்தோடு டீம் வரும். மதராஸ் கிரிக்கெட் அசோசியேஷன் 1930இல் அமைந்ததற்குப் பிறகு வளர்ந்த லீக் ஆட்டங்கள் முதலில் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் சேப்பாக்கமும் சார்ந்தவை. படித்த வகுப்பாரின் கிளப்புகள், அவர்களுடைய ஜாதியும் தெருவும் சார்ந்த சிநேகங்கள். அந்தப் பட்டியலில் இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்டேட் பாங்க், ரயில்வே என்ற பெயர்கள் ஏறியபோது ஆட்டத்தின் பொருளாதாரம் மாறியது. நன்றாகப் பந்து போடுகிறவனுக்கு வேலை கிடைக்கும் என்ற நிலை வந்தது. இது சாதாரண மாற்றமல்ல. அதுவரை வேலையும் வசதியும் உள்ளவன் ஆடினான். இனி ஆடத் தெரிந்தவனுக்கு வேலை. கீழ் டிவிஷன்களில் எடுத்த ஐந்து விக்கெட் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமாக மாறக்கூடும் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது. இன்று முதல் டிவிஷன் ஆட்டங்கள் நடக்கும் மைதானங்களில் ஒன்று திருமுல்லைவாயலில் உள்ள டி.ஐ. முருகப்பா மைதானம். கீழ் டிவிஷன்களுக்கு நெடுங்காலம் இப்படி வாய்க்கவில்லை. கட்டாந்தரையில் கயிற்றுப் பாய் விரித்து, நான்கு பக்கமும் இழுத்து ஆணி அடித்து ஆடினார்கள். பாயில் விழுந்த பந்து புல்தரையில் எழுவதைவிட உயரமாக எழும். சுழற்பந்து நன்றாகப் பிடித்துத் திரும்பும். பாயில் கற்றவன் புல்தரைக்குப் போனால் எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டும்.

இனி அந்த நிருபன். ஒரே ஞாயிற்றில் நகரத்தின் பல மூலைகளில் பல ஆட்டங்கள். ஒருவன் எத்தனையைப் பார்க்க முடியும்? பார்த்தது ஒன்று, கேட்டது பத்து. மற்றவற்றுக்கு அவன் ஸ்கோர் தாளை நம்ப வேண்டும். எனவே அவனுடைய முதல் ஆசிரியன் ஸ்கோரர். ஸ்கோர் புஸ்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாமானியமான எழுத்தல்ல. ஓட்டம் விழாத ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. ஆறு பந்திலும் ஓட்டம் இல்லையென்றால் ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து மெய்டன் என்பதன் இங்கிலீஷ் முதலெழுத்தை உண்டாக்குவார்கள். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் அதே புள்ளிகளை வேறு மாதிரி இணைத்து விக்கெட் என்பதன் முதலெழுத்து. நடக்காமல் போனதைக் குறித்து வைக்கும் எழுத்து முறை இது. சாயங்காலம் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்க வேண்டும். மட்டையாளர்களின் ஓட்டங்களோடு உதிரிகள் சேர்ந்தால் மொத்தம் வர வேண்டும். பந்து வீசியவர்கள் கொடுத்த ஓட்டங்களோடு பையும் லெக் பையும் சேர்ந்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பந்து கவனிக்கப்படவில்லை என்று அர்த்தம். கதை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு சோதனை கிடையாது. இருந்திருந்தால் நம் நாவல்களில் பலவற்றைக் கூட்டிப் பார்த்திருக்கலாம்.

இந்தத் தாளிலிருந்து அவன் இரண்டு வரி எடுக்க வேண்டும். எந்தப் பெயர் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பது அவன் தீர்மானம். நாற்பது ஓட்டத்துக்கு மேல் எடுத்தவன், நான்கு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவன் என்று ஏதோ ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நின்றவன் அந்த ஞாயிற்றுக்கிழமை வாழவில்லை என்றாகிவிடும். முப்பத்தெட்டு ஓட்டத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றியவனும், கேட்ச் விட்டவனும், நாள் முழுக்க எல்லைக்கோட்டில் நின்று ஒரு பந்தும் தன் பக்கம் வராதவனும் அந்த வரிகளில் இல்லை. இளைஞனுக்கு இது தெரியும். தெரிந்தும் இரண்டு வரிதான் இடம். பெயரடை போட இடமில்லை, அபிப்பிராயம் சொல்ல இடமில்லை. தேர்ந்தெடுப்பது, சுருக்குவது, தன்னை வெளியே வைப்பது: எந்த உரைநடைக்காரனும் வருஷக்கணக்கில் படிக்க வேண்டிய பாடம் இவனுக்குப் பிழைப்பாகவே அமைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் பேஸ்பால் நிருபர்களுக்கும் இதே பாடம்தான் கிடைத்தது, அதுவும் கிரிக்கெட்டிலிருந்து. பேஸ்பால் ஆட்டத்தின் கணக்கை ஒரு சிறு கட்டத்துக்குள் அடைக்கும் ‘பாக்ஸ் ஸ்கோர்’ முறையை 1859இல் உருவாக்கியவர் ஹென்றி சாட்விக். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் நிருபராக இருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைத்தான் அவர் பேஸ்பாலுக்கு மாற்றிக் கொடுத்தார். அங்கே பெரிய லீகுகளுக்குக் கீழே ‘மைனர் லீக்’ என்று படிப்படியாகப் பல அடுக்குகள். சின்ன ஊர்களின் டீம்கள், ரயிலில் பிரயாணம், மலிவான ஓட்டல், மேலே போகும் பையன்கள், மேலேயிருந்து இறங்கி வரும் கிழவர்கள். இரு சாராரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இதை எழுத ஒவ்வொரு ஊர்ப் பத்திரிகையிலும் ஒரு பையன்.

அப்படிப்பட்ட பையன்களில் ஒருவர் ரிங் லார்ட்னர். மிஷிகனில் நைல்ஸ் என்ற சிற்றூரில் 1885இல் பிறந்து, காஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1905இல் பக்கத்து ஊரான சவுத் பெண்டில் ஒரு பத்திரிகையில் சேர்ந்தார். கோர்ட்டு, நாடகம், கல்யாணம், எல்லாவற்றோடும் சென்ட்ரல் லீக் என்ற கீழ்மட்ட பேஸ்பாலும் அவர் பொறுப்பு. 1907இல் சிகாகோவுக்குப் போனார். ஆட்டக்காரர்களோடு வருஷக்கணக்கில் ரயிலில் போனதில் அவர் காதில் விழுந்தது அவர்களுடைய பேச்சு: பெருமையும் பொய்யும் பயமும் கலந்த, இலக்கணம் தப்பிய பேச்சு. 1914இல் ஒரு பந்து வீச்சாளன் தன் ஊர் நண்பனுக்கு எழுதும் கடிதங்களாக அதை எழுதினார். எழுத்துப் பிழைகளோடு அவன் எழுதும் ஒவ்வொரு கடிதமும் அவன் மறைக்க நினைப்பதையே காட்டிக்கொடுக்கும். 1925இல் அமெரிக்கப் புனைகதையைப் பற்றி எழுதிய வர்ஜீனியா வுல்ஃப் லார்ட்னரைத் தனியாக எடுத்துப் பாராட்டினார். ஒழுங்கமைந்த ஒரு சமூகம் இங்கிலீஷ் நாவலாசிரியனுக்குத் தரும் ஆதாரத்தை, சிதறிக் கிடக்கும் அமெரிக்காவில் லார்ட்னருக்கு விளையாட்டு தந்தது என்பது அவர் வாதம். ஆட்டத்தின் விதிகளே தெரியாத ஒரு வாசகியிடமிருந்து வந்த இந்தக் கணிப்பை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் அடுத்தடுத்து வாழும் இடம் அம்பத்தூரும்தான். அவர்களை ஒரே விதிக்குக் கீழே, ஒரே வெளிச்சத்தில் பார்க்க ஓர் இடம் வேண்டுமென்றால் மைதானத்தைவிட வசதியானது எது?

இன்னும் நெருங்கிய உதாரணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷயர் லீக் பஞ்சாலை ஊர்களின் லீக். 1892இல் தோன்றியது. ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பளத்துக்கு ஒரே ஒரு தொழில்முறை ஆட்டக்காரன். மற்றப் பத்துப் பேரும் உள்ளூர்க்காரர்கள், சனிக்கிழமை ஆட வருகிறவர்கள். நெல்சன் என்ற ஆலை ஊருக்கு 1929 முதல் டிரினிடாடிலிருந்து வந்த லியரி கான்ஸ்டன்டைன் ஆடினார். 1932இல் அவர் வீட்டில் வந்து தங்கினார் சி. எல். ஆர். ஜேம்ஸ். நாவல் எழுதிக் கையில் வைத்திருந்தவர். எழுத்தாளனாக வேண்டும் என்பதற்காகவே கடல் கடந்தவர். லீக் ஆட்டமொன்றில் ஐம்பத்தொன்பது வயது சிட்னி பார்ன்ஸ் நெல்சனுக்கு எதிராகப் பந்து வீசியதைப் பார்த்து அவர் எழுதிய கட்டுரையால் ‘மாஞ்செஸ்டர் கார்டியன்’ பத்திரிகையின் கதவு திறந்தது. அங்கே நெவில் கார்டஸ் இருந்தார். அவரும் 1919இல் உடம்பு தேறுவதற்காக மைதானத்துக்கு அனுப்பப்பட்டுக் கிரிக்கெட் எழுதத் தொடங்கியவர், பின்னாளில் சங்கீத விமர்சகர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய ‘பியாண்ட் எ பவுண்டரி’ கிரிக்கெட் புஸ்தகமாகவும் காலனிய அடிமைத்தனத்தைப் பற்றிய விசாரணையாகவும் ஒரே சமயத்தில் நிற்கிறது. ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை ஆடிய ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்திராவிட்டால் அந்தப் புஸ்தகம் இப்படி அமைந்திருக்குமா என்று தெரியவில்லை.

நம்மிடம் ஆலைகள் இருந்தன, லீக் இருந்தது, எழுதக்கூடிய இளைஞர்களும் இருந்தார்கள். ‘எழுத்து’ திருவல்லிக்கேணியிலிருந்து வரத் தொடங்கிய 1959இல்தான் அம்பத்தூரில் டன்லப் வந்தது. சேலத்திலிருந்து ‘நடை’ 1968இலும், சென்னையிலிருந்து ‘கசடதபற’ 1970இலும் வந்தன. தொழிற்பேட்டை செழித்த வருஷங்களும் சிறுபத்திரிகை செழித்த வருஷங்களும் ஒன்றே. இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை.

காரணங்களில் முதலாவது பாஷை. ஆட்டத்தைப் பற்றிய எழுத்து இங்கிலீஷில் இருந்தது. சென்னையில் அந்த எழுத்துக்கு வலுவான மரபு உண்டு. எஸ். கே. குருநாதன் ‘ஹிந்து’வில் எழுதினார், 1946–47 முதல் வந்த ‘இந்தியன் கிரிக்கெட்’ ஆண்டு மலரைத் தொகுத்தார், 1947 முதல் 1968 வரை ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இந்த ஊரிலிருந்து வந்தது. ஆனால் ஆடியவனின் அம்மா அதைப் படிக்க முடியாது. மைதானத்தில் பேசப்பட்ட பேச்சு தமிழ், வசவு தமிழ், கெஞ்சல் தமிழ். அச்சுக்குப் போகும்போது எல்லாம் இங்கிலீஷ் எண்ணாகிவிட்டது. லார்ட்னர் தன் காதால் கண்டெடுத்ததை இங்கே மொழிபெயர்ப்பே வடிகட்டி எறிந்துவிட்டது. 1980களில் வானொலியில் கூத்தபிரானும் ராமமூர்த்தியும் அப்துல் ஜப்பாரும் தமிழில் வர்ணனை செய்தபோது இந்தப் பாஷைக்கும் அந்த வேகம் சாத்தியம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர்கள் வாயால் செய்ததைப் பேனாவால் செய்ய யாரும் முன்வரவில்லை. அதுவும் சேப்பாக்கத்துப் பெரிய ஆட்டங்களோடு நின்றது. திருமுல்லைவாயலுக்கு மைக் வராது.

இரண்டாவது காரணம் நாம்தான். கூட்டம் கூடும் எதையும் சந்தேகிப்பது சிறுபத்திரிகைக்காரனின் குணம். சினிமாவையும் தொடர்கதையையும் சந்தேகித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் நாற்பது பேர் வேடிக்கை பார்க்கும் நான்காம் டிவிஷன் ஆட்டத்தில் என்ன கூட்டம், என்ன வியாபாரம்? சிறுபத்திரிகைக்கும் அந்த ஆட்டத்துக்கும் வித்தியாசம் குறைவு. சொந்தக் காசு, ஞாயிற்றுக்கிழமை, முந்நூறு பிரதி அல்லது முப்பது பார்வையாளர்கள், யாரும் கவனிக்காவிட்டாலும் விதி மீறாத பிடிவாதம். சம்பளத்துக்கு பாங்கிலும் ஆபீஸிலும் வேலை பார்த்து ராத்திரியில் எழுதியவர்களுக்கு, ஷிஃப்ட் முடித்துப் பந்து போட வந்தவன் அந்நியனாக இருந்திருக்கத் தேவையில்லை. இருந்தான். நம் நவீனத்துவம் மனத்தின் உட்புறத்தை விரிவாக எழுதக் கற்றது. உழைத்த உடம்பு தன் இஷ்டப்படி அசையும் நேரம் அதன் கண்ணில் படவில்லை. வேலை செய்யும் உடம்பைப் பிறகு முற்போக்காளர்கள் எழுதினார்கள், துன்பப்படுவதாக மட்டும்.

தமிழால் முடியாது என்று யாராவது சொன்னால், மறுப்பு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘எழுத்து’வைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவே ‘வாடிவாசல்’ எழுதியவர். 1959இல் புஸ்தகமாக வந்த அந்தக் குறுநாவல் ஏறக்குறைய முழுவதும் ஒரு ஜல்லிக்கட்டுத் திடலுக்குள், ஒரு சாயங்காலத்துக்குள் நடக்கிறது. மாடு எந்தப் பக்கம் திரும்பும், கை எங்கே விழ வேண்டும், கால் எவ்வளவு நேரம் தரையில் இருக்கலாம் என்ற நுட்பங்கள்தான் அதன் கதை. அதைத் தாண்டி ஜமீனும் அதிகாரமும் அப்பனின் சாவும் தாமாகவே வந்து நிற்கின்றன. செல்லப்பா ஆட்டத்தின் நிருபராக இருந்ததால்தான் இது முடிந்தது. அங்கே போய்ப் பார்த்திருக்கிறார், புகைப்படம் எடுத்திருக்கிறார். அந்தப் பார்வையை ‘எழுத்து’வின் வாரிசுகள் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய விமர்சனத்தோடு சண்டை போட்டார்கள், திடலை மறந்தார்கள்.

கிரிக்கெட்டே வந்த இடங்களும் உண்டு. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) நாவலில் சிகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடும் பையன் மீது நிஜாம் ராஜ்யத்தின் கடைசி நாட்கள் வந்து கவிகின்றன. அலங்காரமில்லாத, எண்ணிப் போட்ட அவருடைய வாக்கியத்துக்கும் ஸ்கோர் புஸ்தகத்துக்கும் உள்ள உறவை யாராவது ஆராய வேண்டும். சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் ஊர் டீமைப் பற்றிய ஒன்றுக்குத் தலைப்பே ‘பேப்பரில் பேர்’. அந்த இரண்டு வரி எத்தனை பெரிய விஷயம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இரண்டுமே இளமையின் ஊர்கள், திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. ஆட்டம் நடந்த வாரமே, ஆடியவர்கள் படிக்கும்படி, அவர்களுடைய பாஷையில் எழுதுவது வேறு காரியம். அதில் தப்பினால் மறு ஞாயிறு மைதானத்தில் சட்டையைப் பிடிப்பார்கள். அந்தப் பொறுப்பு உரைநடைக்கு நல்லது. ஆர். கே. நாராயண் 1930களில் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்கு மைசூர் நிருபராக, அச்சாகும் அங்குலத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில், கோர்ட்டும் கமிட்டியும் அலைந்து செய்தி எழுதினார். மால்குடியின் தெருக்களில் அந்த அலைச்சலுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

இப்போது நிலைமை மாறிவிட்டதா? டன்லப் மூடப்பட்டது. தொழிற்பேட்டையில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்தன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போயிற்று. தெருவில் ஆடும் ஆட்டத்துக்குக்கூடக் கைபேசிச் செயலியில் பந்துவாரியாகக் கணக்கு ஏறுகிறது. முப்பத்தெட்டு ஓட்டம் எடுத்தவனும் இப்போது பதிவில் இருக்கிறான். இது நியாயமான முன்னேற்றம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு எவ்வளவு நிறைந்ததோ அவ்வளவு வார்த்தை குறைந்திருக்கிறது. இரண்டு வரிக்காகத் தேர்ந்தெடுத்த அந்த இளைஞனும் இனித் தேவையில்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிய த. நடராஜன் 2010–11இல் சென்னை லீகின் நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடினார். அங்கிருந்து முதல் டிவிஷனில் விஜய் கிளப். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு ஒருநாள் ஆட்டம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். அன்று எல்லாப் பத்திரிகைகளும் அவர் கதையைத் தொடக்கத்திலிருந்து எழுதின. வறுமை, நண்பன், விடாமுயற்சி, வெற்றி. ஜெயித்தவனின் கதை எப்போதும் பின்னாலிருந்து முன்னால் எழுதப்படும். அதில் நான்காம் டிவிஷன் ஒரு படிக்கட்டு மட்டும். அதே வருஷம் அதே டிவிஷனில் அவருக்கு எதிரே மட்டை பிடித்து, மேலே போகாமல், இன்று எங்கோ ஆபீஸில் இருக்கும் ஆட்களுக்கு அது படிக்கட்டு அல்ல; அதுதான் அவர்கள் ஆடிய கிரிக்கெட். முடிவு தெரியாமல், யார் மேலே போவான் என்று தெரியாமல், எல்லோரையும் சமமாகப் பார்த்து ஒரு சாயங்காலத்தை எழுத அங்கே ஒருவன் இருந்திருந்தால் நமக்கு வேறொரு உரைநடை கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுல்லைவாயலுக்கு இன்னும் மின்சார ரயில் போகிறது. டிக்கெட் அதிகமில்லை.